அவன் சொல்லிக்கொடுத்த அர்த்தங்கள்

மலேசியாவில், ரெங்கத்திலிருந்து செனாய் தொழிற்பேட்டைக்கு வண்டி ஓட்டிப் போகிற வழியெல்லாம் பிரேமலாவின் காதில் அவள் கணவனின் குரல்தான் ஒலிக்கும். ஒரு ஆங்கிலச் சொல், சற்று இடைவெளி, அப்புறம் தமிழில் அதன் அர்த்தம். யுகேந்திரன் வேலை போக, கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவன், கணீரென்ற குரல். "புத்தகத்த வெச்சிக்கிட்டு கண்ண கெடுத்துக்காத மா. நான் பேசிப் பதிஞ்சு அனுப்புறேன், வண்டியில கேட்டுக்கிட்டே போ" என்று அவனே முன்வந்து தொடங்கியது.

மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் கணக்குப் பகுதி அவளுக்குப் பயமில்லை. தொழிற்சாலையில் இன்ஜினியர். ஆங்கிலச் சொற்கள்தான் கண்ணைக் கட்டின. இப்படி ஒரு கணவன் யாருக்கு அமைவான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் கேன்டீனில் ஜாஹிதாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜாஹிதா ஆங்கிலம் படித்துவிட்டு அலுவலகப் பிரிவில் இருப்பவள்.

"அலமாக், மேனேஜர் இன்னிக்கு ரொம்ப லாகோனிக் லா. மூச்சு விடாம பேசித் தள்ளிட்டாரு" என்று அலுத்துக்கொண்டாள் பிரேமலா.

ஜாஹிதா சிரித்தாள். "தலைகீழா சொல்றீங்க. லாகோனிக்னா ரெண்டே வார்த்தையில முடிக்கிறவங்க."

"வளவளன்னு பேசுறவங்க இல்லையா?"

ஜாஹிதா போனில் அகராதியைத் திறந்து காட்டினாள். யுகேந்திரன் வாய் தவறிச் சொல்லியிருப்பான் என்று பிரேமலா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். மழையில் நனைந்தபடி காருக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, அவன் அனுப்பிய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அகராதியோடு ஒப்பிட்டாள்.

பழைய பதிவுகளில் ஒரு பிசகும் இல்லை. பிந்தியவற்றில் இருந்தது. எல்லாச் சொல்லும் அல்ல; ஒவ்வொரு பதிவிலும் நடுவே எங்கோ ஒன்று, நேர் எதிர்ப்பதமாக. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

முதல் பிழை எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவரை அவள் சிங்கப்பூரில் படித்து வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவதாகத்தான் பேச்சு. அந்த ஞாயிறு சாப்பாட்டின்போது, அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் உதவித்தொகையோடு இடம் கிடைக்கலாம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். "நல்லதுதானே" என்றான் யுகேந்திரன். கையலம்பிவிட்டு, காரைக் கழுவப் போனான். முதல் நாள்தான் கழுவிய கார்.

நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் அன்று வீட்டுக்குப் போனாள். அவன் தேநீர் கலக்கி வைத்துக் காத்திருந்தான்.

"உக்காரு. நான் கேக்குறேன், நீ சொல்லு. சேங்குவின்?"

மேசையில் அவன் போன் கிடந்தது. அகராதிப் பக்கம் திறந்திருந்தது. நல்லதே நடக்கும் என்று நம்புகிறவர் என்ற அர்த்தத்தை எதிரில் இருந்தே அவளால் படிக்க முடிந்தது. பதிவில் அவன் சொல்லியிருந்ததை அப்படியே சொன்னாள்.

"மனசு ஒடிஞ்சு போனவங்க."

அவன் போனைக் குனிந்து பார்த்தான். நிதானமாகப் படித்தான். பிறகு நிமிர்ந்து, "கரெக்ட் மா" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். தேநீரை எடுக்கிற சாக்கில் அவள் தலையை விலக்கிக்கொண்டாள். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை; அடுத்த சொல்லுக்கும் பதிவில் இருந்ததையே சொன்னாள்.

மறுநாளிலிருந்து சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவன் பதிவுகளை ஓடவிட்டாள். கேட்டாளா இல்லையா என்று அவன் போனில் தெரியும். ஒரு தடவை விட்டுப்போனபோது, "நேத்து அனுப்புனத கேக்கவே இல்லியே நீ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நடந்ததை ஜாஹிதாவிடம் சொல்லி, சரியான அர்த்தங்களை மதிய வேளையில் அவளிடம் படித்தாள். வீட்டில் பிழைகளை ஒப்பித்தாள்.

"வாய விட்டுக் கேட்டுடுங்களேன்" என்றாள் ஜாஹிதா.

"கேட்டா அடுத்து என்ன செய்வாருன்னு தெரியாது. இப்ப என்ன செய்யறாருன்னாவது தெரியுது."

தேர்வு ஜொகூர் பாருவில். யுகேந்திரன் லீவு போட்டுத் தானே வண்டி ஓட்டி வந்தான். அவள் உள்ளே போனபின்னும் வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் திரையில் மதிப்பெண் வந்தபோது பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கேயே தேர்ந்தெடுத்துவிட்டு, கழிவறையில் முகத்தைக் கழுவி, தோற்றவள்போல வெளியே வந்தாள்.

"எப்படி மா?"

"சரியா வரலீங்க. தெரிஞ்ச வார்த்தையெல்லாம் மாறி மாறி வந்துச்சு."

அவன் முகம் மலர்ந்ததை அவனால் மறைக்க முடியவில்லை. "விடு. எல்லாருக்கும் எல்லாம் அமையுமா? நான் இருக்கேன்ல." வழிநெடுக ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் இடது கையை அவள் பக்கம் நீட்டினான்.

"பரீட்சைக்குக் காட்டுன பாஸ்போர்ட்ட குடு. நான் பத்திரமா வெக்கிறேன்."

"பேக்லயே இருக்கட்டுங்க."

"இனி உனக்கு எதுக்கு அது?"

சிரிப்பு மாறவில்லை. கையும் இறங்கவில்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அவன் வண்டியை எடுக்கவில்லை, அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேமலா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

லாரி விடாமல் அலறவே அவன் வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று. அவள் சாலையோரத்தில், பையை மார்போடு அணைத்தபடி ஜாஹிதாவுக்கு போன் செய்தாள்.

"அங்கேயே நில்லுங்க, வர்றேன்" என்றாள் ஜாஹிதா. "எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பிரேமலா கடைப் பலகைகளைத் தேடி நிமிர்ந்தாள். சற்றுத் தொலைவில் வளைவு எடுத்து, யுகேந்திரனின் கார் எதிர்ச் சாலையில் மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.