முப்பத்தெட்டு டெசிபல் பள்ளம்

காதை நம்பி ஸ்பீக்கர் செய்கிறவர்களை வுகாஷின் மனிதர்களாகவே மதித்ததில்லை. அவருடைய ஊரான கிகிந்தாவில் அப்படி ஏழு பேர் இருந்தார்கள். அவரையும் சேர்த்து எட்டுப் பேருக்கு ஒரு சங்கம் வேறு. அந்த ஏழு பேரில் ஒருவன்கூட மைக் வைத்து அளந்ததில்லை. பலகையை அறுப்பார்கள், காயிலைச் சுற்றுவார்கள், கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போடுவார்கள், பிறகு கண்ணை மூடித் தலையை ஆட்டி, "கதகதப்பா இருக்கு" என்பார்கள். ஒலி என்ன போர்வையா, கதகதப்பாக இருக்க?

அதிலும் கசாப்புக்கடை மிலுதினை அவருக்கு அறவே ஆகாது. சங்கத்தின் போட்டியில் ஜெயிக்கிற ஜோடி ஒரு வருடம் முழுக்கக் கலாச்சார மன்றத்துக் கூடத்தில் இருக்கும், அதுதான் பரிசு. போன வருடம் அங்கே உட்கார்ந்தவை மிலுதினின் பெட்டிகள். முப்பது வருடம் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர், பன்றி வெட்டுகிறவனின் பெட்டியில் வியாழக்கிழமைதோறும் பாட்டுக் கேட்க வேண்டியிருந்தது. இந்த வருடம் அந்த இடம் கிடைக்காவிட்டால் சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

பதினோரு மாதம் உழைத்தார். கிராஸ்ஓவரின் வேலை, பாட்டைப் பிரித்துக் கனத்த ஒலியை வூஃபருக்கும் கீச்சு ஒலியை ட்வீட்டருக்கும் அனுப்புவது. கனத்த ஒலி முடிந்து கீச்சு ஒலி தொடங்கும் எல்லையில், பாடுகிறவர்களின் குரல் இருக்கும் இடத்தில், இரண்டும் சேர்ந்தே பாடும். அங்கே இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ட்வீட்டரின் கம்பிகளை வேண்டுமென்றே மாற்றிப் பூட்டினால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கிராஃபில் அந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் எத்தனை ஆழமோ வேலை அத்தனை சுத்தம். பார்த்து முடித்ததும் கம்பிகளைப் பழையபடி பூட்டிவிட வேண்டும்.

வுகாஷினுக்கு விழுந்தது முப்பத்தெட்டு டெசிபல் பள்ளம். இடது பெட்டிக்கும் வலது பெட்டிக்கும் இம்மி பிசகவில்லை. பூரித்துப்போனார். அந்தக் கிராஃபைப் பெரிய தாளில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டார். பெட்டிகளின் முதுகை எட்டெட்டுத் திருகாணி போட்டு மூடினார். பாட்டுப் போட்டுக் கேட்கவில்லை. அளக்கத் தெரியாதவனுக்குத்தானே கேட்கிற வேலை.

போட்டி சனிக்கிழமை பகலில் நடந்தது. வுகாஷின் முதலில் சட்டத்தைச் சுவரில் மாட்டினார். ஏழு பேரும் அதன் முன்னால் நின்று, ஒன்றும் புரியாமல், பயபக்தியோடு பார்த்தார்கள். பிறகு அக்கார்டியனோடு ஒருத்தி பாடும் இசைத்தட்டைப் போட்டார்கள்.

முதல் வரியிலேயே வுகாஷின் பெட்டிகளின் பக்கம் திரும்பினார். அக்கார்டியன் இருந்தது, பாடுகிறவளைக் காணோம். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறவள் மாதிரி எங்கோ இருந்தாள். சோதனைக்கு மாற்றிய கம்பிகளைப் பழையபடி பூட்டவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அந்தப் பொம்பள எங்க போனா?" என்றாள் பின்னால் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்த தெசாங்கா. மன்றத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். "மிலுதின் பெட்டியில பக்கத்துல நின்னு பாடினாளே."

"உனக்கு இதெல்லாம் புரியாது தெசாங்கா. வேலையப் பாரு," என்றார் சங்கத்தின் தலைவர்.

திருப்புளி வுகாஷினின் பையிலேயே இருந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்று, இந்த ஏழு பேர் பார்க்க, பெட்டியின் முதுகைக் கழற்றுவதா? அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"என்ன ஒரு ஆழம்," என்றார் தலைவர். மற்றவர்களும் ஆழம் ஆழம் என்றார்கள். காதால் கேட்டால்தானே, எல்லோரும் சட்டத்தைப் பார்த்தே கேட்டிருந்தார்கள்.

மிலுதின் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தோத்துட்டேன் இன்ஜினியரே. என் பெட்டியில அவ மூஞ்சிக்கு நேரா நின்னு கத்துறா. உங்களுதுல எவ்வளவு அடக்கமா இருக்கா. எப்படிப் பண்ணினீங்க?"

"அளந்து பண்ணினேன்," என்றார் வுகாஷின். சொன்ன வாயை அப்போதே நாலு அறை அறையலாம் போலிருந்தது. அதற்குப் பதில் பிளம் சாராயத்தை ஊற்றினார். இத்தனை வருடமும் ஏழு முட்டாள்களை இளக்காரமாகப் பார்த்தவருக்கு அன்று எட்டாவது ஆளும் கிடைத்துவிட்டான். பரிசு அவருக்குத்தான் என்று ஏகமனதாக முடிவானது.

செவ்வாய்க்கிழமை காலை, கூடத்தில் சங்கத்து ஆட்கள் யாருமில்லாத நேரம் பார்த்து வந்து கம்பிகளைச் சரியாகப் பூட்டினார். அதே இசைத்தட்டைப் போட்டார். தெசாங்கா துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டா," என்றாள்.

வுகாஷின் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மாத உழைப்பை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அழுகை வந்தது அவருக்கு.

வியாழக்கிழமை சங்கம் கூடியது. ஒரு பாட்டு முடிவதற்குள் ஏழு தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"எங்கேயோ கெட்டுப்போச்சு இன்ஜினியரே," என்றான் மிலுதின் பாவமாக. "அவ மறுபடியும் மூஞ்சிக்கு நேரா வந்துட்டா. உங்க ஆழமே போச்சு."

"நானும் நினைச்சேன்," என்றார் தலைவர். "சனிக்கிழமை கேட்டது இது இல்ல."

உண்மையைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். வுகாஷின் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தார். "சரி பண்ணிடறேன்," என்றார்.

மறுநாள் காலை மறுபடியும் வந்து, எட்டும் எட்டும் பதினாறு திருகாணிகளைக் கழற்றினார். கம்பிகளை மாற்றிப் பூட்டினார். மூடினார். ஒரு தடவை பாட்டுப் போட்டுப் பார்த்தார்.

"போயிட்டாளே மறுபடி," என்றாள் தெசாங்கா.

"அவங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"அவங்களுக்குத்தான் காது இல்ல," என்றாள் அவள், வாளியைத் தூக்கிக்கொண்டே. "இன்ஜினியரே, உங்களுக்கு என்ன வந்துச்சு?"