மற்ற ஐந்து பேர்

கார்லா பிரெசுட்டியின் நோய் பொய்யா மெய்யா என்று யாருக்குச் சந்தேகம் வந்திருந்தாலும் ஜனீன் நோவோட்னிக்கு வந்திருக்கக் கூடாது. அந்த நாற்காலியைக் கழுவியவளே அவள்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஏழாம் வகுப்புக்கு மறைக்கல்விப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கார்லா, பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே துணைத் தலைமையாசிரியை ஜனீனுக்குப் போன் செய்தாள். ஜனீன் வந்தாள். பிள்ளைகளை ஜெபமாலை சொல்லக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தால், நாற்காலி மெத்தையெல்லாம் ரத்தம். கார்லாவின் உதட்டில் கூட நிறமில்லை. ஜனீன் தன் நீளக் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றி, பின்வாசல் வழியாகக் காருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் விட்டுவந்தாள். திரும்பி வந்து, துப்புரவு ஆளைக் கூப்பிடாமல், தானே குனிந்து தேய்த்துக் கழுவினாள். நல்ல மனசுதான். இல்லையென்று யார் சொன்னார்கள்? நல்ல மனசு இருந்தால் மட்டும் போதுமா என்பதுதான் கதையே.

கார்லாவுக்கு முப்பத்தேழு வயது. இளம் வயதில் ஒரு வருடம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு, இது நமக்கான அழைப்பில்லை என்று வெளியே வந்தவள். அமெரிக்காவின் அந்த ஓஹையோ ஊரில் அத்தனை பேரும் அவளை முக்கால் கன்னியாஸ்திரீ என்றுதான் கேலி செய்தார்கள். அவளுக்குப் போன வருடம்தான் ரே டுபாசிக் அமைந்தான். மனைவியை இழந்தவன், ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுபவன், கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுபவன். ஜூன் மாதம் பள்ளி மூடியதும் கல்யாணம். அதன் பிறகு பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்தப் புனிதர் பெயரை வைப்பது என்று இருவரும் இப்போதே சண்டை போட்டுக்கொள்வதாக அவளே ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பாள்.

டாக்டர் சொன்னது இது: கருப்பையில் கட்டிகள். கோடை விடுமுறையில் கட்டிகளை மட்டும் எடுத்துவிடலாம், கருப்பை தங்கும், பிள்ளைக்கும் வாய்ப்பிருக்கிறது. அதுவரை ரத்தப்போக்கை நிறுத்தி, உடம்பில் கொஞ்சம் ரத்தம் ஊற வைக்க வேண்டும். அதற்கு ஒரு மாத்திரை. கருத்தடை மாத்திரையேதான், ஆனால் இங்கே வேலை வேறு.

பள்ளி கத்தோலிக்க ஆயருடையது, அதாவது பிஷப்புடையது. சம்பளம் ஆயருடையது, இன்சூரன்ஸும் ஆயருடையது. கருத்தடை சபைக்குப் பாவம், அதற்கு அந்த இன்சூரன்ஸ் ஒரு காசு தராது. வேறு நோய்க்காக என்று டாக்டர் எழுதினால் மட்டும் அந்த மாத்திரைக்குத் தரும். அப்புறம் என்ன, நோய் வந்துவிட வேண்டியதுதானே! ஜனீனுக்குத்தான் அது முதலில் வந்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு, கணவனுக்கும் வேலை போயிருந்த நேரத்தில், டாக்டரிடம் போய் மாதாமாதம் வலி தாங்க முடியவில்லை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். பிறகு எல்.கே.ஜி. டீச்சர் டாட்டிக்கு வழி சொல்லிக் கொடுத்தாள். டாட்டி இன்னொருத்திக்கு. இப்படியே ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் பாவமில்லாதவர்கள்போல வரிசையில் போய்க் குருவிடம் நன்மை அப்பம் வாங்கிக்கொள்வார்கள். டாக்டருக்குத் தெரியும், பங்குக் குருவுக்கும் தெரிந்திருக்கும், யாரும் யாரையும் கேட்பதில்லை. நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கார்லா மட்டும் மாத்திரை வாங்குவதற்கு முன் குருவிடம் போய் அனுமதி கேட்டாள். ஃபாதர் ஹானிகன் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டே, மருந்தாக இருந்தால் பாவமில்லை என்றார். மருந்தா இல்லையா என்று பார்க்கத்தான் ஆயரின் மறைமாவட்ட அலுவலகம் இருக்கிறதே, அவர்கள் சரியென்றால் சரிதான் என்றார். அவள் விண்ணப்பித்தாள். அலுவலகம் இல்லையென்று சொல்லிவிட்டது. ஒரே பள்ளியிலிருந்து ஒரே மாத்திரைக்கு ஆறாவது ஆள்! அங்கே யாரோ விழித்துக்கொண்டார்கள். ஐந்து பொய்யை விழுங்கியவர்களுக்கு ஆறாவதாக வந்த உண்மைதான் தொண்டையில் சிக்கியது.

விஷயம் ஆசிரியர் அறைக்கு வந்தபோது டாட்டி காபிக் கோப்பையோடு கண்ணடித்தாள்.

"வாடி முக்கால் கன்னியாஸ்திரீ, நீயும் நம்ம கட்சிதானா? ரேவுக்கு ஜூன் வரைக்கும் பொறுக்கலையா?"

கார்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோய், சாப்பாட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜனீனும் சிரித்தாள், அதுதான் கொடுமை. சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று சிரித்தாள்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் கார்லாவைப் பிடித்தாள். மருந்துக்கடையில் கைக்காசு போட்டு வாங்கிக்கொள்ளேன், ஒரு பீட்சா விலைதான் ஆகும், நான் வேண்டுமானால் தருகிறேன் என்றாள்.

"காசுக்கா நான் இவ்வளவு பாடுபடுறேன்? இது மருந்தில்ல, கருத்தடைன்னு சபை சொல்லிடுச்சு ஜனீன். அதுக்கப்புறம் நான் ஒளிஞ்சு வாங்கி முழுங்கினா அதுக்கு என்ன பேரு? ஜூன்ல பீடத்துக்கு முன்னாடி நிக்கப் போறவ நான்."

"அடியே, அது சபை இல்லடி. இன்சூரன்ஸ் ஆபீஸ். நாலு பேர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க."

"கீழ ஆயர் பேர்தானே போட்டிருக்கு?"

ஆயர் பேரை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பொய் சொல்லிப் பிழைத்தவளுக்கு, அந்தப் பேரை ஒருத்தி உண்மையிலேயே மதிக்கிறாள் என்பது தாங்க முடியாததாக இருந்தது. கார்லா மேல்முறையீடு செய்திருக்கிறாளாம், தன் பெயரைப் போட்டே. முடிவு வரும்வரை பொறுத்துக்கொள்வாளாம்.

கறி தொடக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்குக் கோயிலில் மீன் பொரிப்பு. கோயிலுக்குக் கீழே உள்ள கூடத்தில் ஊரே கூடிவிடும். ஆண்கள் எண்ணெய்ச் சட்டியில் மீனைப் போட, பெண்கள் கோஸும், உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையும் பரிமாறுவார்கள். அன்றைக்கு ஜனீன் பியரோகியில் நின்றாள், பக்கத்தில் கோஸ் கரண்டியோடு டாட்டி. வரிசையில் வந்தார் பெட்ராக். மறைமாவட்ட அலுவலகத்தில் இன்சூரன்ஸ் பார்ப்பவர், கெட்ட மனிதர் இல்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பிறகு அதையே தேடுகிற ரகம். தட்டை நீட்டிக்கொண்டே, ஒரு நிமிஷம் ஓரமாக வர முடியுமா என்று ஜனீனைக் கேட்டார். ஓரம் என்றால் டாட்டிக்கு இரண்டடி தள்ளி.

மற்றவர்கள் பெயர் தனக்கு வராது, எண்ணிக்கைதான் வரும் என்றார். ஆறு பேர் என்பது கண்ணை உறுத்துகிறது என்றார். இந்த ஒரு அம்மாள்தான் மேல்முறையீட்டில் பெயரோடு வந்திருக்கிறாள்.

"கல்யாணமாகாத பொண்ணு, ஆறுக்கும் எழுதினது ஒரே டாக்டர், அதான் மேல இருக்கறவங்க யோசிக்கிறாங்க. நீங்க கூடவே வேலை பாக்குறவங்க, அடுத்த வருஷம் தலைமையாசிரியையா வரப் போறவங்க. இவங்களுக்கு நிஜமாவே நோவுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், திங்கக்கிழமையே போட்டுக் குடுத்துடறேன். அப்புறம் மத்த அஞ்சு பேர் யார்னு பாத்து, ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லிடலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லாதிருந்தால் ஜனீன் சொல்லியிருப்பாள். சத்தியமாகச் சொல்லியிருப்பாள். நாற்காலி கண் முன்னால் நின்றது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. டாட்டியின் கரண்டி கோஸுக்குள் அசையாமல் நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. திருச்சபைப் படிப்பினைப்படி வாழ்வேன் என்று வருடா வருடம் போடும் கையெழுத்து, தலைமையாசிரியை அறை, வீட்டில் மூன்று பிள்ளைகள், நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்பது, எல்லாம் ஒன்றாக வந்து மேலே விழுந்தது.

"பொம்பளைங்க சொந்த விஷயம் மிஸ்டர் பெட்ராக். எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையாட்டினார். உங்களுக்கே தெரியவில்லை என்றால் சரிதான் என்றார். இன்னும் ரெண்டு பியரோகி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். டாட்டி மறுபடி கோஸை அள்ளத் தொடங்கினாள். யாரும் பார்க்காதபோது ஜனீனின் கையை ஒருமுறை அழுத்திவிட்டாள், நன்றி சொல்வதுபோல. ஜனீன் அந்தக் கையை மேலங்கியில் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

மேல்முறையீடும் தள்ளுபடியானது. கார்லா வாதாடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை தின்றாள், கறுப்புப் பாவாடை மட்டுமே உடுத்தினாள், உட்காருமிடத்தில் துண்டு விரித்துக்கொண்டாள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுவதை ஜனீன் தன் அறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மேசையில் எதையாவது தேடத் தொடங்குவாள். பெட்ராக்கின் எண் அவள் போனில் இருந்தது. நாளைக்குப் பேசிவிடலாம், ஈஸ்டர் முடியட்டும் பேசிவிடலாம் என்று நாளைக் கடத்தினாள். இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் என்பது அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை, சிலுவைப்பாதை ஒத்திகையில் பிள்ளைகளுக்கு முன்னால் கார்லா சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் அவளைக் கொண்டுபோனது சபையின் மருத்துவமனைக்குத்தான். ரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்ததாம். உயிரா கருப்பையா என்ற நிலைமை வந்தது. கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

பள்ளியில் எல்லோருமாகப் பூ வாங்கினார்கள். கொண்டுபோவதற்கு டாட்டிக்குத் தைரியமில்லை, ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் ஜனீன் போனாள். வராந்தாவில் ரே மடியில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி ரொட்டி அவளுக்குப் பிடிக்கவில்லை என்றான். அவன் கண்ணைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

கார்லா தலையணையில் சாய்ந்திருந்தாள். கன்னத்தில் லேசாக நிறம் திரும்பியிருந்தது. பூவை முகர்ந்துவிட்டுக் கட்டிலோரம் வைக்கச் சொன்னாள். ஏழாம் வகுப்பைப் பற்றி விசாரித்தாள், ஒத்திகையில் பயந்துபோன பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். பிறகு, ஏதோ வேடிக்கையைச் சொல்வதுபோல, ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் ஒரு கேள்வி கேட்கவில்லை என்றாள். கேட்ட அன்றைக்கே முழுசும் சரியென்றுவிட்டார்களாம்.

ஜனீன் ஜன்னல் திரையை இழுத்து நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது அது.

"பெட்ராக் நேத்து வந்து பாத்துட்டுப் போனார். ரொம்ப வருத்தப்பட்டார் பாவம். நீ என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலையாம். மத்தவங்க சொந்த விஷயம்னு கண்ணியமா ஒதுங்கிட்டியாம். அது உன் குணம் ஜனீன்."

ஜனீன் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கினாள்.

"இன்னொண்ணு சொன்னார், பேர் சொல்லல. நம்ம ஸ்கூல்லயே இன்னும் அஞ்சு பேருக்கு இதே நோவாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் ஒருத்திதான் தனியாக் கெடந்து சாகுறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே! பக்கத்து வகுப்புல ஒருத்தி பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னிருக்கா, எனக்குத் தெரியல." அவள் கண் நிறைந்துவிட்டது. "இங்க வலி வர்றப்பல்லாம் அந்த அஞ்சு பேருக்குன்னு ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன். எனக்குப் போனது போகட்டும். அவங்களுக்காவது தங்கணும்."

அவமானம் என்றால் என்னவென்று ஜனீனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடிபட்டால் வருவது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள், அதற்குப் பயந்துதான் வாயை மூடினாள். இங்கே யாரும் அவளைப் பிடிக்கவில்லை. கட்டிலில் கிடப்பவள் அவளுக்காக ஜெபம் செய்திருக்கிறாள்.

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும். தலைமையாசிரியை வேலை போகட்டும், ஊர் காறித் துப்பட்டும், இவள் முகத்தில் அறையட்டும்.

"கார்லா, அந்த அஞ்சு பேர்ல..." வராந்தாப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அந்த அஞ்சு பேர்ல நானும் ஒருத்தி."

கார்லா ஊசி குத்திய கையோடு நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். வலியில் முகம் சுருங்கியது. அப்படியும் எட்டி ஜனீனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நீயுமா? ஐயோ ஜனீன். அந்த வேதனைய வெச்சுக்கிட்டா அன்னிக்கு என் நாற்காலியக் குனிஞ்சு கழுவுன?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போயிற்று. கார்லா போர்வையை விலக்கி, உடம்பை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, கட்டிலில் இடம் விட்டாள்.

"நிக்காத. இப்படி வந்து உக்காரு. நிக்கக் கூடாது நீ."

ஜனீன் உட்கார்ந்தாள்.