கையால் விரித்த இலை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கீழ்வீட்டு லேத்துப் பட்டறைக்காரர் மாடிப்படியில் நின்றபடி சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னை ரொம்ப நல்லவனாக் காட்டிராதீங்க" என்றார். முதல் நன்றி அவருக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: பச்சை ஒளி கசியும் ஜன்னலோரம் அந்த மான்ஸ்டெராச் செடி தன் மௌனத்தை

(அடித்துவிட்டேன். அந்த வீட்டில் ஒளியெல்லாம் கசியாது, குழாய்தான் கசியும்.)

இரண்டாம் முயற்சி: பட்டறைக்காரரின் மனைவி, எனக்கு அக்கா மாதிரி, வயிற்றில் வந்த கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது தன் செல்லச் செடியை அவர் பொறுப்பில் விட்டுப்போனார். தட்டகல இலைகள், பிறவியிலேயே ஓட்டை ஓட்டையாக.* புது இலை சுருட்டிய பாய் போல வரும், பொறுத்திருந்தால் தானே விரியும்.

* பூச்சி அரித்ததென்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தவன் நான். அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

3

அக்கா திரும்பும் நாள் வந்துவிட்டது, செடியில் புதிதாக விட்டிருந்த சுருள் அசையவில்லை. வந்ததும் அவர் கண்ணில் விரிந்த இலை பட வேண்டும், இல்லாவிட்டால் கெட்ட சகுனம் என்று பட்டறைக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

(இங்கே இவரை எனக்கு நம்ப முடியவில்லை. இரும்பை மயிரிழை பிசகாமல் கடைகிற கை இதைச் செய்யுமா? செய்திருக்கிறது. பயந்த கைக்கு ஏது நிதானம்?)

விரலால் பிரித்தார். இலை நடுவில் கிழிந்தது. ஓட்டையோடு ஓட்டையாகப் போகட்டும் என்று தொட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

4

வந்த அக்கா, பையைக் கீழே வைக்குமுன் தொட்டியைத் திருப்பினார். கிழிசலைத் தடவிப் பார்த்தார். பட்டறைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா முந்திக்கொண்டார்.

"தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போயிருந்தா இது கிழிஞ்சிருக்காது. பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கீங்க."

பிறகு இருவரும் அழுதார்கள் என்று எழுதி, அழித்தேன். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது நன்றி அக்காவுக்கு. என்னால் இப்படி ஒரு வசனம் எழுதியிருக்க முடியாது.

5

முடிவு, ஒன்று: பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொல்கிறார்.

முடிவு, இரண்டு: (எழுத வரவில்லை.)

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை என்பதுதான் உண்மை. கிழிந்த இலையை அக்கா வெட்டவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு சுருள் எட்டிப் பார்க்கிறது. நேற்று நான் போனபோது பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கா எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

உங்களுக்கும் இடம் இருக்கிறது, வாருங்கள். கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.