நாலு மணி டெய்லர்

அம்மாவின் இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினாள். ஈரத் துணியை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"டேய் தம்பி, மோதிரம் எங்கடா?"

அவன் கிட்டே வந்து பார்த்தான். கல்யாணத்தன்று அப்பா போட்ட மோதிரம். அப்பா போன பிறகும் அம்மா அதைக் கழற்றியதில்லை. இப்போது விரலில் பள்ளம் மட்டும் இருந்தது.

"நேத்து மத்தியானம் சாப்பாடு ஊட்டும்போது இருந்துச்சுடா. அப்புறம் கை போர்வைக்குள்ளயே இருந்துச்சு, நான் பாக்கல."

நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போன வெளியாள் ஒருவர்தான், டெய்லர்.

அவன் தொழிற்சாலை வாசலில் ஆட்களைச் சோதிப்பவன். இரவு வேலை முடிந்து வெளியேறும் முந்நூறு பேரின் அக்குள், இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றையும் தினமும் காலையில் தடவிப் பார்ப்பான். ஸ்பேனர், செம்புக் கம்பி, ஒரு தடவை காலுறைக்குள் முழுசாக ஒரு பூட்டு என்று எத்தனையோ பிடித்திருக்கிறான். சாது மாதிரி நிற்பவனை இரண்டு தடவை தடவ வேண்டும் என்பது அவன் கொள்கை. இன்று காலையும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். பத்து மணிக்கு அக்கா போன் செய்து, அம்மா போய்விட்டாள் என்றாள். போட்டிருந்த யூனிபாரத்தோடு ஓடி வந்தவன் இன்னும் அதை மாற்றவில்லை.

டெய்லர் இரண்டு தெரு தள்ளி மிஷின் போட்டிருப்பவர். சபையில் நோயாளிகள் மேல் கைவைத்து ஜெபிப்பார். கிட்னி கெட்டுப் படுத்த அம்மாதான் அவரைக் கூப்பிட்டனுப்பினாள். இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டாணென்று வந்துவிடுவார். வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். அது அவனுக்கு ஆகவே இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். ஜெபம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் ஒரு சத்தமும் வராது. சத்தம் போடாத ஜெபக்காரரை அவன் நம்பத் தயாராக இல்லை.

"உள்ள என்னதாம்மா பண்றார் அவரு?" என்று ஒருநாள் வாசற்படியில் நின்றே கேட்டான்.

"கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"அதுக்கு ஒரு ஆளா?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

இன்றும் நாலு மணிக்கு டெய்லர் வந்தார். சாவு விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவரை அவன் வாசலிலேயே மறித்தான்.

"கையத் தூக்குங்க."

"டேய், சாவு வீட்டுல என்னடா இது!" அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"நீ சும்மா இரு, அக்கா."

டெய்லர் அக்காவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு இரண்டு கைகளையும் தூக்கினார். அவன் தடவினான். சட்டைப் பையில் ஒரு நூல்கண்டும் சின்னக் கத்தரியும் இருந்தன. இடுப்பில் ஒன்றுமில்லை, கணுக்காலில் ஒன்றுமில்லை. கொள்கைப்படி இரண்டாம் தடவையும் தடவினான். அவன் கைக்குக் கீழே அந்த மனிதரின் விலா குலுங்கிக்கொண்டிருந்தது. ஏறிட்டுப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தார்.

"மோதிரம் எங்க?"

"உங்க சட்டைப் பையில இருக்கு தம்பி."

அவன் குனிந்து பார்த்தான். பொத்தான் போட்ட இடது பை. சோதிக்கிறவன் பையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது வாசல் விதி. அதனால் வருஷக்கணக்காக அதை அவன் திறந்ததே இல்லை. பையின் வாயில், துணியின் அதே நீல நிறத்தில், இரண்டு தையல் போட்டிருந்தது.

"விரல் வீங்கி மோதிரம் சதையில பொதைஞ்சிருந்துச்சு" என்றார் டெய்லர். "விரல்ல நூலச் சுத்தி, கொஞ்சம் கொஞ்சமா நகத்தித்தான் எடுத்தேன். அம்மாதான் ஆணியில தொங்கின உங்க சட்டையக் காட்டினாங்க. பொத்தான் கழண்டா விழுந்துடுமேன்னு மேல தையல் போட்டேன். 'ஊரையே தடவுவான், தன் பையப் பாக்க மாட்டான், நாளைக்கு வேலை முடிஞ்சு வரட்டும், நானே சொல்லிக்கிறேன்'னு சிரிச்சாங்க."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே தம்பி. தடவத்தானே செஞ்சீங்க."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இந்த மோதிரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் காலையில் முந்நூறு பேரைச் சோதித்திருக்கிறான்.

"அம்மாவுக்கு வலிச்சுதாமா?"

"ரெண்டு நாளா வலின்னாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவன் பையைத் திறக்கப் பார்த்தான். பொத்தான் கழன்றது, தையல் விடவில்லை.

டெய்லர் கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். யாரும் சொல்லாமலே அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். தையலை வெட்டுவதற்கு முன்னால் டெய்லர் தன் இடது கையை அந்தப் பையின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.