மலைமேல் நின்ற படகுக்காரி

ஏகாம்பரத்தின் புனைபெயர் ‘ஊர்சுற்றி’. எந்தெந்த ஊரைச் சுற்றினீர்கள் என்று மட்டும் அவனிடம் கேட்கக் கூடாது. மலாக்காவில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, வயது இருபத்தெட்டு. கோலாலம்பூருக்கு ஒரே ஒரு முறை தம்பினில் ரயிலேறிப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தான். அந்த இரண்டு நாளைப் பதினாறு வாரம் எழுதினான். பதினேழாவது வாரமும் எழுதியிருப்பான். “ஏன் தம்பி, ரயிலு இன்னும் தம்பின் ஸ்டேஷன்லயேதான் நிக்குதா?” என்று சலூன்காரர் கலியாணசுந்தரம் கேட்ட பிறகுதான் விட்டான்.

அவன் எழுதியது அச்சுப் பத்திரிகையில் அல்ல. காஜா பேராங் சாலையில் கலியாணசுந்தரத்தின் சலூன் வெளிச்சுவரில் ஒரு பலகை. சனிக்கிழமை காலையானால் அதில் இரண்டு பெரிய தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். மேலே சிவப்பு மையில் ‘உலா’ என்று தலைப்பு. பார்த்த படம், போன ஊர், காதில் விழுந்த வம்பு, நடிகர் இளங்கதிரின் புது மீசை முகத்துக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மனத்தில் தோன்றியதையெல்லாம் எழுதுவான். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, இன்னும் நாலு மாதம் என்று ஊரே நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் மீசைக்கு முக்கால் பக்கம் கொடுத்த மகராசன் அவன் ஒருவன்தான்.

தாளின் ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டு, ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். படித்தவர்கள் கருத்து எழுதலாம். நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் பாருங்கள், முகத்தைக் காட்டாமல் எழுதலாம் என்றால் சாதுவுக்கும் கொம்பு முளைத்துவிடுகிறது. முதல் வாரமே, “இளங்கதிர் கத்தி பிடிக்கிற அழகுக்கு வெங்காயம்தான் நறுக்கலாம்” என்று வேறொரு நடிகரின் ரசிகர் கிறுக்கிவிட்டார். “உங்க ஆளுக்கு அந்த வெங்காயம் இல்லாட்டி அழுகையே வராதே” என்று கீழே இளங்கதிர் ரசிகரின் பதில். ஒரு மாதத்தில் மூன்று பென்சில் தேய்ந்து போயிற்று.

வலது பக்கக் கீழ்மூலையில் மட்டும் குண்டு குண்டாக, நிதானமாக ஒரு கையெழுத்து வரும். தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தும் கோகிலா டீச்சருடையது. பெயர் போடமாட்டாள், ஆனால் அந்த எழுத்தில் கரும்பலகை வாசனை அடிக்கும். ஏகாம்பரம் மற்றவர்களின் கருத்தைப் படிப்பான். அந்த மூலையை மட்டும் மனப்பாடம் செய்வான். ‘உலா’ நின்றுபோனால் அந்த மூலையும் போய்விடும் என்பதுதான் அவனுடைய ஒரே பயம். வேறு ஒரு பயமும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ‘பவழக்கோட்டை வீரன்’ சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. மலாக்காவுக்கு வர ஒரு மாதமாகும். இளங்கதிர் ரசிகர் மன்றத்துச் செயலாளர் சேதுராமனுக்கு அதுவரை பொறுக்குமா? “ஏகா, நீ போய்ப் பாத்துட்டு வந்து முதல்ல எழுதிடு. கிள்ளான் மன்றத்துக்காரனுங்க முந்திக்கக் கூடாதுப்பா” என்றார். பஸ் நிலையத்தில் ஏகாம்பரத்துக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையோடு அவன் போய்ச் சேர்ந்த தூரம் வழியிலுள்ள மூவார் வரைதான்.

மூவாரில் ஆறு. பாலம் கிடையாது. பஸ்ஸை அப்படியே மிதவைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீரைப் பார்த்ததும் ஏகாம்பரம் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டான். ஊருலகத்தையே சுற்றுகிறவனுக்குத் தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். இதோ ஏறுகிறேன், அதோ ஏறுகிறேன் என்று கரையிலேயே நின்றான். பஸ் படகில் ஏறிப் போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் அப்படியே போயிற்று. மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாக உதிர்த்துக்கொண்டு குச்சியில் கோத்த இறைச்சியைச் சுட்டு விற்கும் ஒரு சாத்தே கடையில் உட்கார்ந்தவன், மறுநாள் காலையிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

அப்போது அக்கரையிலிருந்து வந்த படகில் பிபிக் தனலட்சுமி இறங்கினாள். காஜா பேராங் செட்டி வீடுகளில் மூத்த பெண்களைப் பிபிக் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் பெயர் தமிழ், கோயில் தமிழ்க் கோயில், பேச்சு மட்டும் மலாய். பிபிக்குக்குத் தமிழில் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அதனால் என்ன? தமிழ்ப் படம் ஒன்றையும் விடமாட்டாள். சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்குப் போனவள், பேரனைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டுப் ‘பவழக்கோட்டை வீர’னை மூன்று தடவை பார்த்திருந்தாள்.

மலாக்கா பஸ் வர இரண்டு மணி நேரம் இருந்தது. சாத்தே கடை பெஞ்சில் உட்கார்ந்து, சரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு, முழுப் படத்தையும் பிபிக் மலாயில் நடித்தே காட்டிவிட்டாள். வாள் சண்டைக்குச் சாத்தே குச்சி உதவியது. முடிவைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிற்று. “ராஜா மகளைக் கட்டிக்கச் சொல்றாங்க. இவனுக்கு மனசு அங்க இல்ல. அந்தப் படகுக்காரப் பொண்ணு இருக்கா பாரு, அவ அம்பு பட்டும் பொழைச்சு, மலை உச்சியில போயி நின்னுக்கிட்டு இவனையே பாக்கறா. இவன் அண்ணாந்து பாத்துக் கண்ணு கலங்கிச் சிரிக்கிறான். அப்புறம் நடக்க ஆரம்பிக்கிறான். எங்க போவான்? அவகிட்டத்தான்.”

ஏகாம்பரம் மூக்கை உறிஞ்சினான். பிறகு கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தான்.

அந்தச் சனிக்கிழமை ‘உலா’வில் ‘சிங்கப்பூர் கொட்டகையில் ஊர்சுற்றி’ வந்தது. நாற்காலி எத்தனை மெத்தென்று இருந்தது என்றுகூட எழுதியிருந்தான், புண்ணியவான். படகுக்காரி மலைமேல் நிற்கும் முடிவை மட்டும் பிபிக் சொன்னது சொன்னபடி எழுதினான். அந்த வாரம் ஓரத்தில் சண்டையே இல்லை. “அழுதுவிட்டேன்” என்று நாலு பேர். கீழ்மூலையில் குண்டு எழுத்து: “இந்த ஒரு முடிவுக்காகவே படம் பார்க்கப் போகிறேன்.” ஏகாம்பரம் அன்று சலூனில் இரண்டு தடவை முகச்சவரம் செய்துகொண்டான்.

ஒரு மாதத்தில் படம் மலாக்காவுக்கு வந்தது. பலகையைப் படித்தவர்களும் படித்ததைக் கேட்டவர்களுமாகக் காஜா பேராங்கே கிளம்பிப் போயிற்று. கடைசிக் காட்சியில் படகுக்காரி அம்பு பட்டு, “என்னை மறந்துவிடுங்கள்” என்று ஒரு பக்க வசனம் பேசி, செத்துப்போனாள். வீரன் ராஜகுமாரியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்து, வானத்தைப் பார்த்துவிட்டு நடந்தான். கொட்டகையில் ‘ஹா’ என்ற சத்தம் எழுந்தது. அதில் துக்கம் பாதி, ஊர்சுற்றிமேல் எரிச்சல் பாதி.

திங்கட்கிழமைக்குள் ஓரத்தில் இடமில்லை. “ஊர்சுற்றி எந்தச் சிங்கப்பூருக்குப் போனார்?” “மெத்தை நாற்காலியில் நன்றாகத் தூங்கினீர்களோ?” கீழ்மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. நூறு பேர் திட்டியது அவனுக்கு வலிக்கவில்லை. அந்தக் காலியிடம்தான் நெஞ்சை அறுத்தது.

அவனைக் காப்பாற்ற வந்தார் சேதுராமன். “யோவ், எனக்குப் புரிஞ்சிருச்சுப்பா! சிங்கப்பூர்ல காட்டினது முழுப் படம். இங்க வந்ததுல முடிவ வெட்டிட்டானுங்க. நம்ம ஆளு அப்படியெல்லாம் ராஜா வீட்டு மாப்பிள்ளையா போவாரா, சொல்லு?” ஏகாம்பரத்தின் தலை தானாக ஆடிற்று. இல்லை என்று ஆடியதா ஆமாம் என்று ஆடியதா என்பது அவனுக்கே தெரியாது; சேதுராமன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் சலூன் வாசலில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கொட்டகை மானேஜருக்கு ஒரு மனு தயாராக இருந்தது. “சுதந்திரம் பெறப்போகும் நாட்டில் வெட்டுப்படாத முடிவைக் காணும் உரிமை எங்களுக்கு உண்டு” என்று சேதுராமன் சத்தமாகப் படித்தார். ‘நேரில் கண்ட சாட்சி’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் ஏகாம்பரம். கூட்டத்தின் ஓரத்தில் கோகிலா டீச்சர் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘சரி, வெட்டித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது’ என்று அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அதைப் பார்த்துவிட்ட பிறகு அவனுக்குப் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பிபிக் தனலட்சுமி, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள். ஒருவர் மலாயில் விளக்கினார்.

“வெட்டினாங்களா? யாரு சொன்னா?” என்றாள் பிபிக். “நான் அங்க மூணு வாட்டி பாத்தேன், நேத்து இங்க பாத்தேன். ஒரே படம்தான் லா. அந்தப் பொண்ணு மலைமேலதான நிக்கறா?”

வெடித்தது சிரிப்பு. “பிபிக், அவ செத்துட்டா! வானத்துல தெரியறது அவ ஆவி. மேகத்துக்குள்ள மூஞ்சி தெரிஞ்சா செத்துட்டாங்கன்னு அர்த்தம்” என்று ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “பாஷ தெரியாம படம் பாத்தா இப்படித்தான்” என்றான் இன்னொருவன்.

சேதுராமன் கையமர்த்தினார். “இருங்கப்பா. ஏகா, நீயே சொல்லு. நீ சிங்கப்பூர்ல உன் கண்ணால பாத்து எழுதினதும் இவங்க சொல்றதும் ஒண்ணா?”

அந்தக் கேள்வியையும் மலாயில் சொன்னார்கள். பிபிக் பலகையைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தாள். மூவார்க் கரையில் வாடிய மாலையோடு உட்கார்ந்திருந்தவனை அவள் மறந்திருப்பாளா? ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“அலாமாக், எனக்கு வயசாயிடுச்சு. கண்ணும் சரியில்ல. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

மறுபடியும் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்கு முகம் எரிந்தது. தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவள் தனக்காகத் தன் கண்ணையே பொய்யாக்கிக்கொண்டு போகிறாளே! அதைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவை மூடினான்.

“சிரிக்காதீங்க” என்றான். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. “பிபிக், நில்லுங்க. இவங்க சொன்னதத்தான் நான் எழுதினேன். நான் சிங்கப்பூருக்குப் போகல. மூவார் தாண்டல. எனக்குத் தண்ணின்னா பயம். படகுல ஏற முடியல. அந்தக் கதை, அந்த முடிவு எல்லாம் இவங்க சொன்னது. நாற்காலி மட்டும்தான் என்னோடது.”

சேதுராமன் மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “மாலை வேற போட்டோமேப்பா” என்று மட்டும் சொன்னார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. கலியாணசுந்தரம் கத்தரியோடு வாசலுக்கு வந்து, “ஊர்சுற்றியாம், ஊர்சுற்றி! மூவார்சுற்றின்னு பேர மாத்தி வையி தம்பி” என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஏகாம்பரம் பலகையிலிருந்த தாள்களைக் கிழிக்கப் போனான். ‘உலா’ அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தான்.

கோகிலா டீச்சர் போகவில்லை. பிபிக்கிடம் போய் மலாயில் கேட்டாள்: “பிபிக், இன்னிக்கு மத்தியானக் காட்சிக்கு என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா? நீங்க பாத்த மாதிரி எனக்கும் பாக்கணும்.” பிறகு சலூனுக்குள் திரும்பி, “அண்ணே, கொஞ்சம் பஞ்சு வேணும்” என்றாள். சவரத்தில் கீறிவிட்டால் ஒற்றுகிற பஞ்சு. கலியாணசுந்தரம் காரணம் கேட்காமல் இரண்டு உருண்டை கொடுத்தார். பின்னாலேயே ஏகாம்பரம் வெட்கத்தை விட்டுக் கையை நீட்டினான். “உனக்கு வாயிலதான் அடைக்கணும்” என்று சொல்லிவிட்டு அவனுக்கும் கொடுத்தார்.

கொட்டகையில் பிபிக்கும் டீச்சரும் முன்வரிசையில், அவன் அதற்கு நேர் பின்வரிசையில். பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டதும் வசனம் போயிற்று. முகங்கள் மட்டும் மிச்சம். எத்தனை படம் பார்த்தவன்! வீரன் ராஜகுமாரியிடம் பேசும்போது அவன் கண் அவளிடம் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தான். கடைசியில் படகுக்காரியின் முகம் மேலே தெரிந்தது. அடியில் மலை இருந்தது, சத்தியமாக இருந்தது. வீரன் அண்ணாந்து பார்த்தான், கண் கலங்கிச் சிரித்தான், நடக்க ஆரம்பித்தான். பிபிக் டீச்சரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி மேலே கையைக் காட்டினாள். டீச்சரின் தோள் குலுங்குவது பின்வரிசைக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ‘உலா’வில் ஒரே கட்டுரைதான் வந்தது. தலைப்பு ‘மூவார் வரை’. நடுக்கம், சாத்தே, வாடிய மாலை என்று நடந்ததையெல்லாம் எழுதியிருந்தான். கீழே, “படக்கதை சொன்னவர்: பிபிக் தனலட்சுமி” என்று அவள் பெயரைச் சிவப்பு மையில் போட்டிருந்தான். ஓரம் முழுக்கக் கேலி. ஒருவர் தண்ணீர்க் குவளை ஒன்றைப் படமாகவே வரைந்து, “ஜாக்கிரதை!” என்று எழுதியிருந்தார்.

மாலையில் கீழ்மூலையில் குண்டு எழுத்து வந்திருந்தது. “பார்த்தேன். மலைமேல்தான் நிற்கிறாள். ஊர்சுற்றிக்கு ஒரு வார்த்தை: படகில் ஏறும்போது தண்ணீரைப் பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்தால் பயம் வராது. வேண்டுமானால் கூட வந்து காட்டித் தருகிறேன்.” கீழே, முதல் முறையாக, கோகிலா என்று பெயர்.

ஏகாம்பரம் அதையே படித்துக்கொண்டு நின்றான். “தம்பி, பலகைய மறைக்காத. மத்தவங்களும் படிக்கணும் லா” என்று உள்ளேயிருந்து கத்தினார் கலியாணசுந்தரம். அவன் நகரவில்லை.