ஒரே நம்பர், இரண்டு போன்

பூட்டு ரிப்பேர்க்காரர் ஒரு வீட்டின் மொட்டைமாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டினார். வெளிப்பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்க மாடியில் கால் வைத்ததும், காற்றில் கதவு அறைந்து சாத்தி, தானே பூட்டிக்கொண்டது. சாவியும் டூல்ஸ் பையும் உள்ளே. வீட்டுக்காரர்கள் வெளியூரில். தெருக்கதவு மட்டும் திறந்து கிடந்தது.

மனைவியைக் கூப்பிட வழியில்லை. ஒரு வாடிக்கையாளர்கூடத் தவறக்கூடாதென்று, கடையிலிருக்கும் அவள் போனுக்கும் தன் போனுக்கும் ஒரே நம்பர் வாங்கியவரே அவர்தான்; யார் அழைத்தாலும் இரண்டிலும் மணி அடிக்கும், முதலில் எடுப்பவர் பேசலாம். தன் நம்பரைத் தானே அழைத்தால் பிஸி என்றது. மைத்துனனிடம் சொன்னால் ஆயுசுக்கும் கிண்டலடிப்பான். யாராவது வாடிக்கையாளர் அழைக்கட்டுமென்று வெயிலில் காத்திருந்தார்.

அரைமணி கழித்து போன் அடித்தது. மனைவிக்கு முந்திப் பாய்ந்து எடுத்தார்.

"பூட்டுக் கடையா? எங்க வாசல் பூட்டு..."

"அம்மா, ஒரு உதவி. வெச்சுட்டுத் திரும்பக் கூப்பிடுங்க. நான் எடுக்க மாட்டேன், என் வீட்டுக்காரி எடுப்பா. வேலைக்குப் போன வீட்டு மாடியில நான் மாட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க."

"பூட்டு ரிப்பேர்க்காரரா மாட்டிக்கிட்டது?"

"ஆமாம்மா," என்றார், மிக மெதுவாக.

மறுபடி அடித்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். மூன்றாவது மணியில் நின்றது.

சற்றுநேரத்தில் மீண்டும் அதே அம்மா. "உங்க வீட்டம்மா சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷமாச்சு. இப்பத்தான் கிளம்பினாங்க."

"ரொம்ப நன்றிம்மா. நாளைக்கு உங்க பூட்டைப் பார்க்க வரேன்."

"நீங்க வேண்டாம்," என்றாள் அந்த அம்மா. "அவங்களையே அனுப்புங்க."