பதினைந்து நிமிஷ நடை

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் எந்த வேலைக்கும் பதினைந்து நிமிஷம்தான். சோறு வேகப் பதினைந்து நிமிஷம், பல் பிடுங்கப் பதினைந்து நிமிஷம். கல்யாணமான புதிதில் "பதினஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று முடிவெட்டப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். அதைச் சொல்லியே இருபத்திரண்டு வருஷம் அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

பிழைக்க வந்த ஊரிலும் மனிதர் மாறவில்லை. இது கடலை ஒட்டிய ஊர். நடுவில் ஒரு குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் துறைமுகம். இங்கே கார் இல்லாதவர்களை யாரும் ஆளாகவே மதிப்பதில்லை. தெருமுனைக்குப் போய் ரொட்டி வாங்கவும் காரை எடுப்பார்கள். எங்களுக்கு பஸ்தான். அது குன்றைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதை வழியாகப் போகும். அதற்குள் நடக்க அனுமதி இல்லை.

நான் ஹோட்டல் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். ஹோட்டலில் எனக்கு பஸ் பாஸ் கொடுத்தார்கள். அவர் வேலை பார்த்த ஐஸ் ஃபேக்டரியில் கொடுக்கவில்லை. வேலைக்குக் கூட்டிப்போகக் கம்பெனி வேன் வரும். வேலை முடிந்தபின் ஆள் எப்படிப் போனால் அவர்களுக்கு என்ன?

"எனக்கெதுக்கு பாஸ்?" என்றார். "குன்றுக்குக் கீழ கடலோரமா ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு. பஸ்ஸுதான் சுத்திட்டுப் போகுது. நடந்தா பதினஞ்சு நிமிஷம். அந்தக் காசைப் பொண்ணுக்கு அனுப்பலாம்."

பெண் ஊரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம்? தினமும் அத்தாட்சி வேறு இருந்தது.

காலை ஏழு நாற்பதுக்குத் துறைமுக நிறுத்தத்தில் இறங்கி, ஹோட்டல் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நிற்பேன். அவர் ராத்திரி ஷிப்டு முடிந்து அங்கே வருவார். ஓனர் எங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு வீட்டுச் சாவி. அதை அவர் கையில் கொடுப்பேன். விரல் பட்டால் ஜில்லென்று இருக்கும். அந்த ஐந்து நிமிஷம்தான் எங்கள் குடித்தனம். பெண்ணைப் பற்றிய பேச்சு, ஓனரைப் பற்றிய புலம்பல், சின்னச் சண்டை எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். பிறகு நான் பஸ் ஏறுவேன், அவர் நடப்பார். சரியாக எட்டு மணிக்கு என் போனில் ஒரு மிஸ்டு கால் வரும். வீடு சேர்ந்தாச்சு என்று அர்த்தம். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமை நான்தான் வம்பை ஆரம்பித்தேன். அவர் ஷூவின் அடிப்பாகம் பிளந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"ஆறு மாசத்துல ரெண்டாவது ஜோடி. பதினஞ்சு நிமிஷம் நடக்கறவருக்கு இப்படியா தேயும்? வழியில டான்ஸ் ஆடிட்டுப் போறீங்களா?"

"உப்புக் காத்து தோலைத் தின்னுடும்டி."

"முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"ஐஸ்ல நின்னா கறுக்கவா செய்யும்? உன் பஸ் வந்துடுச்சு, ஏறு."

ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மிஸ்டு கால் வந்தது. நானும் படுக்கை விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு போன் செய்து அவரைச் சாப்பிட எழுப்புவது என் வழக்கம். அன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூங்கட்டும் என்று விட்டேன். ஒரு மணிக்கு அடித்தேன், ஒன்றரைக்கு அடித்தேன். இரண்டு மணிக்கு மேற்பார்வை அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீடு பூட்டியிருந்தது. சாவியோ அவரிடம். கீழ்வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"தினமும் ஒன்பது ஒன்பதேகாலுக்குப் படி ஏறுவாரே. இன்னைக்குச் சத்தமே கேக்கலையே," என்றாள்.

"எட்டு மணிக்கே வந்துடுவாருங்க. நீங்க சரியாக் கவனிச்சிருக்க மாட்டீங்க," என்று அவளைக் கடிந்துகொண்டேன்.

பிறகு போலீஸுக்கு போன் செய்தேன். இரண்டு பேர் வந்தார்கள். எந்த வழியாக வருவார் என்று வயதானவர் கேட்டார். கடலோரப் பாதை என்று அடித்துச் சொன்னேன். நானே முன்னால் நடந்து வழி காட்டினேன். பாறைகளுக்கு நடுவில் பாதை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. முந்நூறு அடி போனதும் அது முடிந்துபோனது. அதற்கு மேல் செங்குத்தான பாறையும் அதை அடிக்கிற தண்ணீரும்தான்.

"இங்க வழியே கிடையாதும்மா. நிஜமா இப்படித்தான் வருவாரா?"

"என் வீட்டுக்காரர் என்கிட்ட பொய் சொல்ல மாட்டார் சார்," என்றேன்.

அந்தப் பேச்சுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. என் வார்த்தையை நம்பி ஒரு படகை வரவழைத்துத் தண்ணீரில் தேடினார்கள். பாறையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இரண்டு மணி நேரம் அப்படியே போனது.

ஐந்தரை மணிக்குத்தான் அவர் கிடைத்தார், குன்றின் மேல் போகும் பழைய சாலையில். சுரங்கப் பாதை திறந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் பஸ் கிடையாது. நிழற்குடையையும் பெஞ்சையும் மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அந்த பெஞ்சில், நிழற்குடையின் கண்ணாடித் தடுப்பில் தலையைச் சாய்த்து, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்குள் வீட்டுச் சாவி. பைக்குள் போன், அதில் நான் கூப்பிட்ட பதினோரு அழைப்புகள்.

காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். அந்தச் சாலையில் கார்கள் போய்க்கொண்டேதான் இருந்தன. பார்த்ததாக இரண்டு பேர் பின்னால் போலீஸிடம் சொன்னார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? காரில் போகிறவர்களுக்கு பஸ் எங்கே வரும், எங்கே வராது என்று எப்படித் தெரியும்?

"சீக்கிரம் பார்த்திருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர், மாரடைப்பு என்று எழுதியிருந்த தாளையே பார்த்தார்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நாலு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம்."

நாலு மணிக்கு நான் பாறையில் நின்று கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். ஆளைத் தலைக்கு மேலே விட்டுவிட்டுத் தண்ணீரில் தேடினேன். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாசமாகச் சொன்ன பொய்தான், எனக்குத் தெரியும். அந்தப் பாசம்தான் என்னைத் தப்பான இடத்துக்கு அனுப்பியது.

ஒரு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், துறைமுக நிறுத்தத்திலிருந்து ஏழே முக்காலுக்கு அந்தச் சாலையில் நடந்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. எட்டு மணிக்கு நான் ஒரு வளைவில் இருந்தேன். அங்கே குட்டைச் சுவர் ஒன்று, அதற்குக் கீழே கடல். தினமும் இங்கேதான் நின்று எனக்கு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, பாக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறார், ராத்திரி முழுக்க ஐஸில் நின்ற காலோடு. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திட்டவும் செய்தேன்.

நிழற்குடைக்கு வந்தேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துச் சாலையைப் பார்த்து ஒட்டினேன். மேற்பார்வை அம்மா இந்த ஊர் மொழியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது அது. 'இங்கே பஸ் வராது. யாராவது உட்கார்ந்திருந்தால் இறங்கிப் பாருங்கள்.'

கால் வலித்தது. அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் கார் போனது. அடுத்த இரண்டும் போயின. நாலாவது கார் கொஞ்ச தூரம் தாண்டிப் போய் நின்று, ரிவர்ஸில் திரும்பி வந்தது. என் வயசுப் பெண் ஒருத்தி இறங்கி வந்து காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உடம்புக்கு முடியலையா உங்களுக்கு?"

ஒரு காகிதம் போதுமாக இருந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவள் விடவில்லை.

"வீடு எங்கே? வண்டியில ஏறுங்க, கொண்டுபோய் விடறேன்."

நான் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டேன். வீட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

"பரவாயில்லம்மா, நீங்க போங்க," என்றேன். "நடந்தா பதினஞ்சு நிமிஷம்தான்."